கருங்குரங்கும் கரிச்சானும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று ஆறு வருஷமாக ஜெபித்துக்கொண்டிருந்தேன். பேனாவை எடுப்பேன், வெட்கம் வந்து வைத்துவிடுவேன்.

கூடலூர் பக்கம் ஒரு எஸ்டேட்டில் நானும் என் மனைவியும் கொழுந்து பறிக்கிறோம். காட்டை ஒட்டிய தேயிலை நிரைகளில் எங்களுக்குக் காவல் கருங்குரங்குதான். மரத்தின் மேலிருந்து சிறுத்தையைப் பார்த்தால் அடித்தொண்டையில் குரைக்கும். உடனே பையைப் போட்டுவிட்டு ரோட்டுக்கு ஏறிவிடுவோம்.

அதே மரங்களில் வால் நீண்ட கரிச்சான் குருவியும் உண்டு. குரங்கு மாதிரியே குரைத்து எங்களைப் பலமுறை வீணாக ஓடவிட்டது. மரத்தடியில் நின்று அதைக் கண்டுபிடித்தவன் நான். குரங்கு ஒரே சத்தத்தை விடாமல் போடும். குருவி அடுத்த நொடியே வேறு குரலுக்குத் தாவும். குரைப்புக்குப் பின்னால் பருந்துக் குரல் வந்தால் பேசாமல் பறிக்கலாம் என்று எல்லாருக்கும் சொல்லிவைத்தேன்.

அன்று பனி விலகாத காலை. குரைப்புக் கேட்டது. ஒட்டினாற்போல் பருந்துக் குரல். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். குருவிதான், பறியுங்கள் என்றேன். பக்கத்து நிரையில் மனைவியின் கை மட்டும் நின்றுவிட்டது.

"ஏனுங்க, பருந்துச் சத்தம் இந்த மரத்துல. கொரங்கு அந்தப் பக்கமுங்க. அது கொரைக்கறது இன்னும் நிக்கல."

"குருவிக்குப் பயந்து ஓடுனா ஊரே சிரிக்கும். பறி."

"சிரிக்கட்டுங்க. உசுரோட இருந்து கேட்டுக்கறேன்."

பையை அப்படியே வைத்துவிட்டு மேலே ஏறினாள். மற்றவர்களும் பின்னாலேயே போனார்கள். நான் வீம்புக்குப் பறித்துக்கொண்டிருந்தேன்.

அவள் பைக்குப் பின்னால் இருந்த செடி அசைந்தது. சிறுத்தை எழுந்து நின்று என்னைப் பார்த்தது. கர்த்தரின் பெயர் நாக்கு வரை வந்து நின்றுவிட்டது. பிறகு சிறுத்தை திரும்பி, அவசரமில்லாமல் காட்டுக்குள் போனது. அப்புறம்தான் குரங்கு ஓய்ந்தது. குருவி மட்டும் இந்த மரத்தில் குரைத்துக்கொண்டே இருந்தது. குரங்கு குரைக்கும்போதே குருவியும் சேர்ந்து கத்தும் என்பதை நான் யோசிக்கவே இல்லை.

எங்கள் சபைக்கு அந்த நிரையில் இருந்தவர்கள் வேறு யாரும் வருவதில்லை. ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்ல எழுந்தவன், நான் எச்சரித்தேன், கர்த்தர் என் மனைவியைக் காப்பாற்றினார் என்று சொல்லிவிட்டேன். பெண்கள் பக்கம் அவள் குனிந்தே உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு நடக்கும்போதுதான் வாயைத் திறந்தாள்.

"கர்த்தர் காப்பாத்துனாருங்கறது நெசந்தானுங்க."

அதற்குப் பிறகு இன்றுவரை அவள் அதைப் பற்றிப் பேசியதில்லை. சபையில் அந்தச் சாட்சியை இன்னமும் சொல்கிறார்கள். நான் ஓடிப்போய் அவளை இழுத்து வந்ததாகவும் சேர்ந்துவிட்டது. இனிமேல் சொல்கிறவர்கள் இங்கே எழுதியுள்ளபடியே சொல்லுங்கள். "பறி" என்று நான் சொன்னதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.