பெட்டிக்குப் பூட்டு உண்டா?

எம் மவ மஸ்கட்டுக்குப் போயி பதினோரு வருசம் ஆவுது. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது, பள்ளிக்கூடத்து வாசப்படியோட சரி. அதனால அவ போன்ல வாய்ஸாத்தான் அனுப்புவா. வேலைக்குப் போற வண்டியில உக்காந்துக்கிட்டு, "எம்மா, இன்னைக்கு சொதி வச்சேன், தேங்காப்பால் திரிஞ்சு போச்சு"ன்னு ஆரம்பிப்பா. நான் இங்க முக்கூடல் ஊர்ல அடுக்களையில நின்னுக்கிட்டே பதில் சொல்லுவேன். முன்னால எல்லாம் கடுதாசி வந்தா அடுத்த வீட்டுக்காரிய வாசிக்கச் சொல்லணும். அவ முழுங்குனது போக மிச்சந்தான் நமக்கு. இப்ப எம் மவ நேரா எங்காதுக்குள்ளல்லா பேசுதா! அந்த சந்தோசத்துல ஒண்ணக்கூட நான் அழிக்கல. பதினோரு வருசத்துப் பேச்சும் அந்தப் போனுக்குள்ளதான் கெடக்கு.

அந்தப் போன்தான் வயிறு உப்பிப் போச்சு. நெசமாவே உப்பிட்டு. பொறத்தால மூடி தூக்கிக்கிட்டு நிக்கி. எம் மவன் பாத்துட்டு, "எம்மா, இது வெடிச்சிரும், தூரப் போடு"ங்கான். போன தூரப் போடலாம், உள்ள இருக்கவள எங்க போடுதது?

மவன் ஏற்கெனவே ஒரு தடவ பட்டவன். ஆத்துல வெள்ளம் வந்து வீட்டுக்குள்ள இடுப்பளவு தண்ணி ஏறுனப்ப, நாங்க மச்சுக்கு நெல்லத் தூக்குனோம், மிக்சியத் தூக்குனோம், ஊறுகா பரணியக்கூடத் தூக்குனோம். பீரோவுக்கு அடித்தட்டுல அவன் வச்சிருந்த ஹார்டு டிஸ்க்க ஒருத்தரும் நெனக்கல. அவன் கல்யாண வீடியோ, பிள்ளைக்கு மொட்டை போட்டது, எல்லாம் ஆத்தோட போச்சு. மொட்டை போட்ட அன்னைக்கு அந்தப் பய கடிச்ச கடியில நாவிதர் கையில ரெண்டு பல்லு பதிஞ்சிருந்தது, அதத்தான் நான் திரும்பத் திரும்பப் பாப்பேன். சரி, அத விடு.

அதனால இந்த வாட்டி வீட்டுக்குன்னு ஒரு பெட்டி வாங்கணும்னான். அந்தப் பெட்டி வைஃபையோட சேந்து கெடக்குமாம். எல்லார் போன்ல உள்ளதும் தானா அதுக்குள்ள போயிருமாம். டிவியில படமும் பாக்கலாம், பாட்டும் கேக்கலாம்.

"டிவியிலயா?"ன்னு கேட்டேன்.

"ஆமாம்மா. முன்னறைப் பட்டாசல்ல உக்காந்து எல்லாரும் பாக்கலாம்."

"எல்லாரும்னா?"

"எல்லாருந்தான். என்ன இப்பிடிக் கேக்க?"

எல்லாரும் கேட்டா ஆவாதுல்லா. ஏன்னா, எம் மவ அங்கன போன மொதல் ரெண்டு வருசம் பட்ட பாடு எனக்கு மட்டுந்தான் தெரியும். மாப்பிள்ள விசயம். என்னன்னு ஒங்கள்ட்டயும் சொல்ல மாட்டேன். இப்ப எல்லாம் சரியாயிட்டு, ரெண்டும் சந்தோசமா இருக்கு. ஆனா எம் மவன் காதுல அது விழுந்துதுன்னு வையிங்க, செத்தாலும் தங்கச்சி வீட்டு வாசல மிதிக்க மாட்டான். அம்புட்டு ரோசம். அவ ஒவ்வொரு வாட்டியும், "எம்மா, அண்ணன்ட்ட மட்டும் சொல்லிராத"ன்னுதான் அந்தப் பேச்ச ஆரம்பிப்பா.

ஒரு நாள் கார்ல போவும்போது மவன் எம் போன்ல முருகன் பாட்டு போட்டான். பாட்டு முடிஞ்ச கையோட நான் எதையோ தொட்டுட்டேன் போல, கார் முழுக்க எம் மவ குரலு: "எம்மா, அண்ணன்ட்ட..." நான் போட்ட கூப்பாட்டுல மவன் வண்டிய ஓரங்கட்டிட்டான். தேள் கொட்டிட்டுன்னு சொன்னேன். காருக்குள்ள ஏதுடா தேளுன்னு அவன் சீட்டெல்லாம் பெரட்டித் தேடுனான், பாவம். அன்னைக்கு கார்ல தப்பிச்சேன். வீட்டு டிவியில கேட்டா எத்தனை தேளத்தான் கூப்பிடுதது?

அதனால, பெட்டி வாங்க நானும் வருவேன்னு நின்னேன்.

"நீ வந்து என்னம்மா செய்யப்போற?"ன்னு மவன் சிரிச்சான். மருமவதான், "வரட்டுமே, அத்தை போன்ல உள்ளதும் அதுக்குள்ளதான போவப்போவுது"ன்னா. அவ பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சர். எதையும் ரெண்டு தடவ சரி பாக்கது அவ வழக்கம்.

திருநெல்வேலியில கடைக்காரர் ரெண்டு பெட்டிய எடுத்து மேசையில வச்சாரு. ஒண்ணு சின்னது, உள்ள ஒரு டிஸ்க்குதான். இன்னொண்ணு கொஞ்சம் தடி, ரெண்டு டிஸ்க்கு. ரெண்டுலயும் ஒண்ணு போல எழுதுமாம், ஒண்ணு செத்தா இன்னொண்ணு இருக்கும். மவன் சின்னதே போதும், படம் பாக்கத்தானன்னான். மருமவ விடல. "ஒரு தடவ தண்ணில போட்டது காணாதாக்கும்? ரெண்டு டிஸ்க்குதான் வேணும். அதுவும் மச்சுலதான் வைக்கணும்."

"மச்சுல வெயிலுக்கு வெந்துரும்ளா."

"அப்ப மாடிப்படிக்கு மேல தட்டு அடிங்க."

இவங்க ரெண்டு பேரும் மல்லுக்கு நிக்க, நான் பைய கடைக்காரர் பக்கம் நகந்தேன். "அண்ணாச்சி, இந்தப் பெட்டிக்குப் பூட்டு உண்டா?"

"களவு போயிரும்னு பயப்படுதீங்களா ஆச்சி?"

"பெட்டி போவட்டும். உள்ள உள்ளத வீட்டாளுக கேக்காம இருக்கதுக்கு."

அவரு என்னயப் பாத்தாரு, மவனப் பாத்தாரு. நல்ல மனுசன், சத்தத்தக் கொறச்சுக்கிட்டாரு. "ஒவ்வொரு ஆளுக்கும் தனி அறை மாதிரி வச்சுக்கிடலாம் ஆச்சி. நீங்க நம்பர் போட்டாத்தான் தெறக்கும். டிவியிலயும் வராது."

எழுத்துதான் எனக்குத் தெரியாது, நம்பர் தெரியும். பஸ்ஸு நம்பர் பாத்துத்தான ஏறுதேன். மனசு குளுந்துட்டு. அதோட விட்டாரா? "ஆனா ஒண்ணு. பெட்டிய முதல்ல யாரு ஓட்டி விடுதாங்களோ அவங்க நெனச்சா எல்லா அறையையும் தெறந்து பாக்கலாம்"னாரு.

போச்சு. அது எம் மவன்லா?

"அவங்களும் பாக்கக்கூடாதுன்னா இன்னொரு பூட்டு இருக்கு. அதுக்கு சாவி நம்பர் ஒங்ககிட்ட மட்டுந்தான். ஆனா நீங்க மறந்துட்டீங்கன்னா, அந்த ஆண்டவனே வந்தாலும் தெறக்க முடியாது."

நான் அப்பிடியே ஸ்டூல்ல உக்காந்துட்டேன். எனக்கோ அயத்துப் போற வயசு. அடுப்புல பால வச்சுட்டு அடுத்த தெருவுல போயி நிக்கேன். கண்ணாடிய நெத்தியில வச்சுக்கிட்டே வீடு பூரா தேடுதேன். அந்தப் பூட்டப் போட்டு நம்பர் அயத்துட்டா, எம் மவள நானே கெணத்துல தள்ளுன மாதிரி. மொதல்ல சொன்ன பூட்டுன்னா, மவன் ஒரு நாள் சும்மா நோண்டி வச்சாலும் போச்சு. அவரு தந்த டீ ஆடை கட்டுத வரைக்கும் யோசிச்சேன். கடைசில எந்திரிச்சுப் போயி, "தடிப் பெட்டியே வாங்குங்க. ஆனா அத ஓட்டி விடுத வேல மருமவளுக்குத்தான்"ன்னேன்.

மவனுக்கு மொகம் சுருங்கிட்டு. "ஏன், நான் கம்பெனியில கம்ப்யூட்டர்லதான கெடக்கேன்?"

"நீ அவசரக்காரம்லே. அவ ரெண்டு தடவ சரி பாப்பா."

மருமவ எங்காதுகிட்ட வந்தா. "பீரோ சாவியவே இன்னும் என்ட்ட தரல. இத மட்டும் தாறீங்களாக்கும்?"

"பேசாம வா"ன்னேன்.

மறுநா ஞாயித்துக்கிழம. காலைல இருந்து எம் போன்ல உள்ளதெல்லாம் பெட்டிக்குள்ள ஏறுது. நான் மாடிப்படியிலயே உக்காந்துட்டேன். பச்சை லைட்டு மினுக் மினுக்குங்கு. கரண்டு போயிரக்கூடாதேன்னு நெல்லையப்பரக் கும்பிட்டேன். மூச்சு விட்டாக்கூட நின்னுருமோன்னு ஒரு பயம். சாயங்காலம் மருமவ எனக்குன்னு வாங்குன புதுப் போன எங்கையில தந்து, "நம்பர் போடுங்க, நான் திரும்பிக்கிடுதேன்"ன்னு சொவரப் பாத்து நின்னா. போட்டேன். தெறந்துட்டு! பதினோரு வருசமும் வரிசையா நிக்கி. ஒண்ணத் தொட்டேன், சொதி திரிஞ்ச கத. எனக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டு.

கண்ணத் தொடச்சுக்கிட்டு அவள்ட்ட கேட்டேன். "ஏட்டி, நெசமாச் சொல்லு. நீ நெனச்சா இதத் தெறக்கலாம்லா?"

"தெறக்கலாம் அத்தை."

"கேப்பியா?"

"மஸ்கட்டு மயினி பேசுனத நான் எதுக்குக் கேக்கேன்? அவங்க பாடு அவங்களோட." சொல்லிட்டு ஒரு சிரிப்பு சிரிச்சா. "நீங்க மயினிக்குப் பதில் சொன்னதும் அதுலதான இருக்கு? அதத்தான் கேக்கணும்னு ஆசையா இருக்கு."

எனக்கு அப்பத்தான் மண்டையில ஏறுது. எம் மவ பேச்சக் காப்பாத்தணும்னு தட்டழிஞ்சனே தவுர, எம் பேச்ச நெனச்சேனா? இவ பிந்தி எந்திரிக்கது, இவ வைக்க சாம்பாரு, இவ அம்மை வீட்டுல இருந்து வந்த பொங்கப்பானை அளவு, எல்லாத்தையுந்தான் அடுக்களையில நின்னு மவள்ட்ட ஓதிருக்கேன். களவாணின்னு நெனச்சு மவன்ட்ட இருந்து புடுங்கி, சாவிய இவ கையிலல்லா கொடுத்து வச்சிருக்கேன்!

"சாம்பாரப் பத்தி ரெண்டு சொல்லிருப்பேன்ட்டி"ன்னேன்.

"ரெண்டா?"

"சரி, கூடக்கொறைய இருக்கும்."

"வெசனப்படாதீங்க. நானும் எங்கம்மைக்கு வாய்ஸ் அனுப்பிட்டுத்தான் இருக்கேன். அதுவும் இதே பெட்டிக்குள்ளதான் பூட்டிக் கெடக்கு"ன்னு சொல்லிட்டு எறங்கிப் போயிட்டா.

அவ கேட்டாளா, கேக்கலையா, இன்னைக்கு வரைக்கும் எனக்குத் தெரியாது. வழக்கம் போலத்தான் இருக்கா. காலைல காப்பி கொண்டு வந்து வைக்கையில மொகத்தப் பாக்கேன், ஒண்ணும் புடிபடல. சீனி கொஞ்சம் கொறஞ்சிருந்தா மட்டும் நெஞ்சு திக்குங்கும்.