பின்னால் விழுந்த தண்ணீர்த் தொட்டி

உகாண்டாவின் கம்பாலாவில் கல்யாணப் படம் எடுத்துப் பிழைத்தவள் நமுபிரு. அந்தப் பெரிய நகரத்துக்கு நடுவே, இரண்டு மேடுகளுக்கு இடையில் கோரை மண்டிய சதுப்பு ஒன்று உண்டு. வேலை இல்லாத நாளெல்லாம் அவள் கேமராவோடு அங்கேதான் கிடப்பாள். கொக்கை எடுப்பாள், தவளையை எடுப்பாள். எல்லாவற்றுக்கும் மேலாக மம்பா மீனை. தண்ணீருக்கு மேலே தலை நீட்டி, நம்மைப் போல மூச்சிழுக்கிற மீன் அது. அவளுடைய குலத்துக்கே அதன் பெயர்தான். அந்தக் குலத்தார் அதைத் தின்னவும் மாட்டார்கள், கொல்லவும் மாட்டார்கள். கூடப்பிறந்தவன் என்பார்கள்.

அங்கே மண் கொட்டி வீடு கட்ட ஒரு பணக்காரர் கிளம்பினார். "செத்த குட்டைதானே" என்று ஊரும் தலையாட்டியது. உயிர் இருக்கிறது என்று காட்ட, பொந்துக்குள் குஞ்சு காத்துக்கிடந்த தகப்பன் மீனைப் படம் எடுத்து எல்லோர் கைபேசிக்கும் அனுப்பினாள். கல்யாணப் படத்தில் வாசல் விழாவிட்டால் 'இது யார் வீடு?' என்று சொந்தக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். அந்தப் பழக்கத்தில், பின்னால் மேட்டிலிருந்த பள்ளிக்கூடத்து நீலத் தண்ணீர்த் தொட்டியும் விழும்படி எடுத்துவிட்டாள்.

மறுநாள் பொந்து தோண்டிக் கிடந்தது. தூண்டில்கார முலின்ட்வா சேற்றுக்காலோடு எதிரே வந்தான்.

"வாம்மா போட்டோக்காரி! தொட்டியப் பாத்து நேரா வந்துட்டேன். உங்க அண்ணனுக்கு நல்ல எடை!"

அப்பாவின் அக்கா நன்கியாவுக்குச் சேதி போயிற்று.

"ஒளிஞ்சிருந்தவன காட்டிக் குடுத்துட்டியேடி" என்றாள் அத்தை. "கையில கத்தி இல்லன்னா கொலை இல்லன்னு ஆயிடுமா?"

 அதற்குப் பிறகு நமுபிரு இடம் தெரியாதபடி தரையை மட்டும் பார்த்தே படம் எடுத்தாள். மண் கொட்டுவதைப் பற்றிப் பேசக் கூடிய ஊர்க் கூட்டத்தில் அதையெல்லாம் பரப்பினாள். தலைவர் சிரித்தார்.

"பழைய பொந்துதான் காலியாச்சே, இது எந்த ஊர் சேறும்மா? என் வீட்டுக் கொல்லையிலயும் இப்பிடித்தான் இருக்கு."

கூட்டமே சிரித்தது, கடைசி வரிசையில் முலின்ட்வாவும். திங்கட்கிழமை மண் லாரி வரும் என்றார்கள். நமுபிருவின் பையில் முன்பே எடுத்த இன்னொரு படம் இருந்தது. வேறொரு பொந்து, உள்ளே மீன், பின்னால் அதே தொட்டி. யாருக்கும் காட்டாமல் வைத்திருந்தாள்.

"அத்தை, இதக் காட்டுனா தூண்டில் வரும்" என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்தவளிடம் கிசுகிசுத்தாள்.

"காட்டலன்னா மண்ணு வரும். தூண்டில்ல ஒருத்தன் போவான், மண்ணுல வம்சமே மூடிப்போகும்." அத்தையே பையைத் திறந்துவிட்டாள். "காட்டித் தொலைடி."

காட்டினாள். தலைவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"நம்ம பள்ளிக்கூடத் தொட்டியேதான். அதிகாரிங்க வந்து பாக்குற வரைக்கும் லாரி வேண்டாம்."

படம் கைக்குக் கை மாறிக் கடைசி வரிசை வரை போனது. நமுபிரு திரும்பினாள். முலின்ட்வா உட்கார்ந்திருந்த நாற்காலி காலியாக இருந்தது.

செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சரிவில் ஓடினாள். மூச்சு வாங்க அத்தையும் பின்னால் வந்தாள்.

தொட்டிக்குக் கீழே ஓரிடத்தில் மட்டும் கோரை அசைந்துகொண்டிருந்தது. காற்றே இல்லை.