நாய் எதுவும் குறுக்கே வரவில்லை

என் கணவருக்குத் தொடை எலும்பு உடைந்தது கொள்ளால். நாயால் இல்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். எங்கள் சொந்தத்தில் இன்றைக்கும் பாதிப் பேர் "புளியம்பட்டிகிட்ட நாய் குறுக்க வந்து உழுந்துட்டாரு" என்றுதான் சொல்கிறார்கள். வண்டியில் அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவள் நான். நாய் எதுவும் வரவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் கோயமுத்தூரில் கணபதியில் குடியிருந்தோம். அவர் ஒரு பம்புசெட் கம்பெனியில் ஃபிட்டர். என் பிறந்த வீடு சத்தியமங்கலம் போகும் வழியில், புளியம்பட்டியைத் தாண்டி உள்ள ஊரில். அப்பாவின் தோட்டம் ரோட்டை ஒட்டியே இருந்தது. மாதம் ஒரு தடவையாவது மோட்டார் சைக்கிளில் போவோம். மகளை முன்னால் பெட்ரோல் டேங்க்கின் மேல் உட்கார வைத்துக்கொள்வார். நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு பக்கமாகக் காலைத் தொங்கப்போட்டுப் பின்னால் உட்கார்ந்துகொள்வேன். எல்லாக் குடும்பமும் அப்படித்தான் போனது. வண்டி வாங்கியபோது வாங்கிய ஹெல்மெட் ஒன்று சீட்டுக்குப் பக்கத்தில் கொக்கியில் தொங்கும். அதைத் தலையில் போட்டு நான் பார்த்ததில்லை. போகும்போது அம்மாவுக்குப் பன்னும் ரொட்டியும், வரும்போது தக்காளியும் அதற்குள் இருக்கும். எங்களுக்கு அது ஒரு கூடை.

தை மாதம் கொள்ளு பிடுங்கும் மாதம். செடியை வேரோடு பிடுங்கிக் காயவைத்து, அப்படியே தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள். பஸ்ஸும் லாரியும் ஏறி ஏறி மணியை உதிர்த்துக் கொடுத்துவிடும். சாயங்காலம் மிஞ்சிய செடித் தட்டை உதறி எடுத்துவிட்டு, கூட்டித் தூற்றி அள்ளிக்கொண்டு போனால் வேலை முடிந்தது. மாடு கட்ட வேண்டாம், ஆள் கூப்பிட வேண்டாம். வண்டிக்காரன் ஒதுங்கிப் போய்விடக் கூடாது, செடி மேலேயே ஏறிப் போக வேண்டும் என்பதற்காக ஓரத்தில் பெரிய பெரிய கல்லாக எடுத்து வைப்பார்கள். அரசாங்கம் போட்ட ரோடு, ஊர்க்காரன் வைத்த கல்.

எங்கள் வீட்டில் களம் இல்லாமல் இல்லை. நல்ல களம். அதன் மேல்தான் அப்பா கறிக்கோழி ஷெட் போட்டார். அந்த வருஷங்களில் ஊரில் யாரைப் பார்த்தாலும் கோழி ஷெட்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள். களத்துக்குக் கோழி வந்தது, களத்தில் கிடந்த கொள்ளு ரோட்டுக்கு வந்தது.

லாரிக்குக் கொள்ளுச்செடி ஒன்றும் செய்யாது. இரண்டு சக்கர வண்டிக்கு அது எண்ணெய் ஊற்றின தரை மாதிரி. மேலே காய்ந்த செடி வழுக்கும். அடியில் உதிர்ந்து கிடக்கிற கொள்ளு, டயருக்கும் தாருக்கும் நடுவில் நழுவும். பிரேக்கைத் தொடாமல் நேராக, மெதுவாகப் போனால் தப்பிக்கலாம். வளைவில் பரப்பியிருந்தால் எப்படி நேராகப் போவது? அப்பா பரப்பியது வளைவில். அங்கேதான் புளியமர நிழல் இல்லாமல் நல்ல வெயில் விழும்.

அன்றைக்கு மகளுக்குக் காய்ச்சல் என்று மாமியாரிடம் விட்டுவிட்டுப் போனோம். காலை நேரம். வேகமாக வந்தாரா என்று எல்லோரும் கேட்டார்கள். இல்லை. வளைவில் திரும்பினதும் எங்கள் பக்கம் முழுக்கக் கொள்ளு. எதிர்ப்பக்கத்தில் ஒரு பஸ் வந்தது. அவர் பிரேக்கை மிதித்தார். பின்சக்கரம் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு போனது. வண்டி வலது பக்கம் சாய்ந்து செடி மேலேயே வழுக்கிக்கொண்டு போய்க் கல்லில் முட்டியது. கல்லுக்கும் வண்டிக்கும் நடுவில் அவர் தொடை. நான் செடிக் குவியலில் விழுந்ததால் முழங்கை தேய்ந்ததோடு சரி. தோள்பட்டை முதலில் தரையில் பட்டதால் அவருக்குத் தலை தப்பியது. ஹெல்மெட் பன் பாக்கெட்டோடு வாய்க்காலில் கிடந்தது.

முதலில் ஓடி வந்தவர் அப்பாதான். "ஐயோ மாப்பள, ஐயோ மாப்பள" என்று கத்திக்கொண்டே வந்தார். கோழி ஏற்ற வந்த வேனில்தான் கோயமுத்தூருக்குக் கொண்டுபோனோம்.

தொடைக்குள் கம்பி வைத்தார்கள். மறுநாளிலிருந்து சொந்தக்காரர்கள், ஒறம்பரைக் கூட்டம். ஆரஞ்சுப் பழப் பையோடு வருகிறவர்கள் எல்லாம் ஒரே கேள்வி கேட்டார்கள்: எப்படி விழுந்தது? அப்பா கட்டிலின் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தார். என் கணவர் கண்ணைப் பாதி திறந்து, "நாய் ஒண்ணு குறுக்க வந்துருச்சுங்க" என்றார்.

எல்லோரும் போன பிறகு, "எந்த நாயி?" என்று கேட்டேன்.

"மெதுவாப் பேசு அம்மணி. மாமா கால்மாட்டுலயே நின்னாரு. அவரு மூஞ்சியப் பாத்துட்டு எப்புடிச் சொல்றது?"

"பொய் சொன்னா கால் சேந்துருமா?"

"கால டாக்டரு சேத்துவாரு. மாமனாரு கோவிச்சுட்டுப் போனா யாரு சேத்தறது?"

எங்கள் ஊர்ப்பக்கம் மரியாதை ஜாஸ்தி என்று வெளியூர்க்காரர்கள் புகழ்வார்கள். தொடை எலும்பு இரண்டாக உடைந்தவன், உடைத்தவர் மனசு நோகக் கூடாது என்று பொய் சொல்வதற்குப் பேரும் மரியாதைதான்.

அந்த வார்டில் இருந்தவர்கள் பெரும்பாலும் மோட்டார் சைக்கிளில் விழுந்தவர்கள். பக்கத்துக் கட்டில்காரர் சைடு ஸ்டாண்டை எடுத்துவிட மறந்து, இடதுபக்கம் திரும்பும்போது ஸ்டாண்டு தரையில் குத்தி விழுந்தவர். "என்னுங்க பண்றது, நேரம்" என்றார். ஜன்னலோரத்தில் இருந்தவர், முன் பிரேக் பிடித்தால் வண்டி தூக்கி அடித்துவிடும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, அந்த பிரேக் ஒயரையே கழற்றிப் போட்டுவிட்டு ஓட்டியவர். முன்னால் போன கரும்பு டிராக்டர் நின்றபோது இவர் நிற்கவில்லை. அவர் சம்சாரம், வண்டி நம்பரைக் கூட்டினால் எட்டு வருகிறது, அதுதான் காரணம் என்றார். என் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஒருத்தர் வாயிலும் ஸ்டாண்டு வரவில்லை, பிரேக் வரவில்லை. நேரம், நம்பர், கண் திருஷ்டி. எங்கள் கட்டிலில் நாய்.

ஊரில் என்ன செய்தார்கள் தெரியுமா? அந்த வளைவில் போன வருஷமும் ஒரு பால்காரர் விழுந்தார், ஏதோ குடிகொண்டிருக்கிறது என்று சொல்லி, நடு ரோட்டில் பூசணிக்காய் உடைத்தார்கள். குங்குமம் தடவிய பூசணிக்காய். அதன் சதை ரோடு முழுக்கத் தெறித்துக் கிடந்தது. அதில் வழுக்கி இன்னொருத்தன் விழுந்தால் அதற்கும் ஒரு காய் உடைத்திருப்பார்கள்.

பத்து நாள் கழித்து, வண்டியோடு அங்கேயே விட்டிருந்த அதன் காகிதங்களை எடுக்க ஊருக்குப் போனேன். பஸ்ஸிலிருந்து பார்க்கிறேன், அதே வளைவில் மீதிக் கொள்ளு கிடக்கிறது. நேராகத் தோட்டத்துக்குப் போனேன்.

"அப்பா, மறுக்காவும் ரோட்டுல போட்டிருக்கறீங்களே?"

"வேற எங்கம்மணி போடறது? களத்துலதான் ஷெட்டு நிக்குதே."

"உங்க மாப்பள அங்க உழுந்துதான் ஆஸ்பத்திரில கெடக்கறாரு."

அப்பா என்னைப் பார்க்காமல், "நாயிதான குறுக்க வந்துச்சு? மாப்பளையே சொல்லிப்போட்டாரே" என்றார்.

அவருக்கு உண்மை தெரியும். கல்லுக்கும் வண்டிக்கும் நடுவிலிருந்து என் கணவரைத் தூக்கியவரே அப்பாதான். ஆனால் மாப்பிள்ளை கொடுத்த நாயை அவர் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அன்றைக்கே முடிவு செய்தேன். அந்த நாயை அவர் வாயாலேயே விடச் செய்ய வேண்டும், ரோட்டிலிருந்து கொள்ளை எடுக்கச் செய்ய வேண்டும். என் மகள் டேங்க்கின் மேல் உட்கார்ந்து போகிற ரோடு அது. அன்றைக்குக் காய்ச்சல் வராமல் இருந்திருந்தால் கல்லுக்கு முன்னால் அவள்தான் இருந்திருப்பாள்.

கணவருக்குக் கால் சேர்ந்தது, கொஞ்சம் குட்டையாக. நின்று செய்கிற வேலை முடியாது என்று கம்பெனியில் ஸ்டோருக்கு மாற்றினார்கள். மறுபடியும் வண்டியை எடுத்தார். நான் மகளை அதில் ஏற்ற விடவில்லை.

அடுத்த தையில் தம்பிக்குக் கல்யாணம் என்று முடிவானது. எங்கள் பக்கம் கல்யாணத்தில் இணைச்சீர் என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளையோடு கூடப் பிறந்தவள் சபையில் அவனோடு நின்று செய்கிற சீர். அவள் நின்றால்தான் கல்யாணம் நிறைவு. என் தம்பிக்கு நான் ஒருத்திதான் அக்கா. அப்பாவுக்குச் சொல்லி அனுப்பினேன்: இந்த வருஷக் கொள்ளு ரோட்டுக்கு வந்தால் நான் சீருக்கு நிற்க மாட்டேன்.

அம்மா வந்து அழுதுவிட்டுப் போனார். என் கணவரே, "ஊரு சிரிக்கும் அம்மணி" என்றார். பிறகு தம்பி கணபதியில் எங்கள் வீட்டுக்கு வந்தான், ஹெல்மெட் இல்லாமல், சட்டையின் மேல் பொத்தானைத் திறந்துவிட்டுக்கொண்டு, புது வண்டியில்.

"அக்கோவ், நாலு கூடைக் கொள்ளுக்காவ என்ர கல்யாணத்த நிறுத்தறியா?"

"கல்யாணத்த யாருடா நிறுத்தறது? கொள்ள நிறுத்தச் சொல்றேன்."

"பெரியப்பா மகள வெச்சு சீரு செஞ்சுக்கலாம்னு அப்பா சொல்றாரு."

"தாராளமாச் செஞ்சுக்கங்க. கூடப் பொறந்தவ எங்கன்னு சபையில கேப்பாங்கல்ல? நான் முன்னால வந்து உக்காந்து சொல்லுவேன், எதுனால நிக்கலைன்னு. நாயின்னு சொல்ல மாட்டேன்."

அவன் காபியை எடுத்துக் குடித்தான்.

"நாளைக்கு நீயும் அந்த வளைவுலதான் பொண்டாட்டியப் பின்னால வெச்சுட்டு வரோணும். உன்ர வண்டிக்கு மட்டும் கொள்ளு வழி உடுமா?"

"செரி செரி, உடு. ரோட்டுப் பாடம் நடத்தாத" என்று எழுந்தான். வண்டியைக் கிளப்பினவன், அணைத்துவிட்டு, "ஏனக்கா, நெசமாலுமே நாய் இல்லியா?" என்று கேட்டான். கூடப் பிறந்தவனுக்கே தெரியவில்லை. நடந்ததைச் சொன்னேன். போகும்போது மெதுவாகத்தான் போனான்.

அவன் வீட்டில் என்ன பேசினானோ தெரியாது. ஒரு வாரம் கழித்து அம்மா போன் பூத்திலிருந்து பேசினார். கொள்ளை வீட்டு வாசலில் போட்டு, டிராக்டரை விட்டு மிதிக்கிறார்களாம். பந்தல் போட வந்தவர்கள் இடமில்லாமல் உட்கார்ந்திருக்கிறார்களாம். "வாசலெல்லாம் ஒரே தூசி, உனக்கு இப்பச் சந்தோசமா?" என்றார். சந்தோஷம்தான் என்றேன்.

கல்யாணத்துக்கு இரண்டு நாள் முன்னால் நாங்கள் மூன்று பேரும் பஸ்ஸில் போனோம். வளைவுக்குப் பக்கத்தில் ஸ்டாப். இறங்கிப் பார்த்தால் ரோட்டில் கொள்ளு. அதே இடம், ஓரத்தில் அதே மாதிரி கல். எனக்கு வந்த ஆத்திரத்தில் அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிப் போயிருப்பேன். ஆனால் அங்கே அப்பாவின் சத்தம் கேட்டது.

அது அப்பாவின் கொள்ளு இல்லை. பக்கத்துத் தோட்டக்காரர், எங்களுக்குப் பங்காளி முறை. அப்பா காலி செய்த வெயிலில் தன் கொள்ளைக் கொண்டுவந்து பரப்பியிருந்தார். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, கவைக்குச்சியால் அந்தச் செடியை வாய்க்கால் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்ணா, இது என்ன உங்க பாட்டன் ஊட்டு ரோடா?" என்று பக்கத்துத் தோட்டக்காரர் கத்தினார். "வருஷா வருஷம் நீங்க போட்டப்ப நாங்க வாயத் தொறந்தமா? நான் ஒரு நாளைக்குப் போட்டா மட்டும் வலிக்குதாக்கும்?"

"எடுத்துரு. எடுக்காட்டி நான் தள்ளறேன்."

"என்ன, ஷெட்டுல காசு வந்ததும் ஊருக்குப் புத்தி சொல்றீங்களா? எம்பட கொள்ளு யார என்னங்ணா பண்ணுச்சு?"

அப்பா கவைக்குச்சியைக் கீழே ஊன்றினார். "கொள்ளு என்ன பண்ணுச்சா? நான் போட்ட கொள்ளுலதான்டா என்ர மாப்பள உழுந்தாரு. நான் வெச்ச கல்லுலதான் தொடை ஒடஞ்சுது."

"நாய் குறுக்க வந்துச்சுன்னு…"

"நாயுமில்ல, நரியுமில்ல. அள்ளு மொதல்ல."

அப்போதுதான் நாங்கள் நிற்பதை அப்பா பார்த்தார். என் கணவர் கம்பை ஊன்றிக்கொண்டு இரண்டு எட்டு முன்னால் போய், "மாமா, உட்டுருங்க. அவிய தெரியாமப் போட்டிருப்பாங்க. பரவால்லீங்" என்றார்.

"நீங்க சித்த சும்மா இருங்க மாப்பள," என்றார் அப்பா. "உங்க பரவால்லீங்கனாலதான் ஒரு வருஷம் போச்சு."

பக்கத்துத் தோட்டக்காரர் முணுமுணுத்துக்கொண்டே சாக்கை எடுத்துவரப் போனார். நான் பையை மகளிடம் கொடுத்துவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, செடியை அள்ள ஆரம்பித்தேன்.