அத்தான் வைத்த மூன்று பைப்புகள்

தண்ணீர் கொறகொறவென்று இறங்கும் சத்தம் எங்கே கேட்டாலும், இன்றைக்கும் நான் முதலில் வாசல் படலையைத்தான் திரும்பிப் பார்க்கிறேன். யுத்த காலத்தில் எங்கள் வீட்டு ஹோலில் ஒரு மீன் தொட்டி இருந்தது. தம்பி வைத்தது. இராணுவச் சுற்றிவளைப்புகள் அடிக்கடி நடந்த நாட்களில், ஒரு காலை அவன் பயந்துபோய் வீட்டை விட்டுப் போனான். எங்கே இருக்கிறான் என்று ஒரு தகவலும் இல்லை. அவனுடைய மீன்கள் மட்டும் எங்களிடம் இருந்தன.

தொட்டியில் மிஞ்சும் தண்ணீர் ஒரு பைப் வழியாகக் கீழே இருந்த பெரிய வாளிக்கு இறங்கும். சின்ன மோட்டர் அதை மறுபடி மேலே ஏற்றும். இறங்கும்போது பைப் காற்றையும் சேர்த்து இழுத்துக் கத்தும். தம்பி இருந்தபோது அது பழகிய சத்தம். அவன் போன பிறகு அம்மாவால் அதைத் தாங்க முடியவில்லை. பொழுது சாய்ந்ததும் படலைப் பக்கம் முகத்தை வைத்து உட்காருவார். பார்வை மங்கியவர், காதைத்தான் நம்பியிருந்தார். "இந்தக் கொறகொறப்புக்குள்ள புள்ள வந்து கூப்பிட்டாலும் எனக்குக் கேட்காது" என்பார். மோட்டரை நிறுத்தினால் மீன்கள் மேலே வந்து வாயைத் திறக்கும். "போடு, போடு, அவன்ட மீன் செத்துப்போகும்" என்று அவரே பதறுவார்.

அக்காவின் கணவர், எங்கள் அத்தான், ஏறாவூரில் ஓர் அரிசி மில்லில் மோட்டர் பார்ப்பவர். எங்கள் பக்க வழக்கப்படி கல்யாணத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தவர். ஒருநாள் மில்லில் மிஞ்சிய பைப் துண்டுகளைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். சோதனைச் சாவடியில் அவை எதற்கென்று கேட்டார்களாம். தமக்குத் தெரிந்த ஒரே சிங்களச் சொல்லான 'மாளு'வைச் சொல்லி, உள்ளங்கையை மீன்போல நெளித்துக் காட்டித் தப்பியிருக்கிறார்.

தொட்டியின் மூலையில் மூன்று பைப்புகள் வைத்தார். முதலாவதின் அடியில் ஒரு வால்வு. அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகி, காற்றுப் புகாமல் பைப் நிறையத் தண்ணீரே இறங்கும்படி செய்தார். காற்றில்லாததால் சத்தமும் இல்லை. மிஞ்சிய சிறிதளவு இரண்டாவதின் உட்புறத்தைத் தடவிக்கொண்டு இறங்கியது. கரண்ட் போய் வந்தாலும் தானாகவே இந்த நிலைக்குத் திரும்பியது. மூன்றாவது சற்று உயரமாக, காய்ந்தபடி நின்றது.

"இது என்னத்துக்கு?" என்றாள் அக்கா.

"சும்மா நிக்க."

"இந்த வீட்டில சும்மா நிக்க நீங்க ஒராள் போதாதா?"

அத்தான் சிரித்துக்கொண்டே மற்ற இரண்டையும் துணியால் அடைத்தார். தண்ணீர் விளிம்புவரை ஏறியது. நான் தரை துடைக்கும் சீலையோடு ஓடினேன். ஒரு சொட்டும் வெளியே வரவில்லை. மூன்றாவது பைப் பெரும் இரைச்சலோடு அதை விழுங்கியது. "இது கத்தவேணும். கத்தினாத்தான் மத்ததில அடைப்பெண்டு தெரியும்" என்றார்.

துணிகளை எடுத்தார். ஹோல் அடங்கியது. அம்மா கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "முன்வீட்டில விளக்குமாத்தால முத்தம் கூட்டுறாங்க" என்றார். அம்மாவுக்கு நாங்கள் எத்தனையோ ஆறுதல் சொல்லியிருந்தோம். அத்தான் ஒன்றுகூடச் சொன்னதில்லை.

தம்பி வந்தது ஒரு மத்தியானம். ரோட்டில் சாவடிகள் இருந்ததால் யாரோ அவனை வாவிக்கு அக்கரையில் உள்ள படுவான்கரையிலிருந்து தோணியில் கொண்டுவந்து இறக்கிவிட்டிருந்தார்கள். வீட்டின் பின்வளவு வழியாக நுழைந்து ஹோலில் நின்றவன், "என்ன, மோட்டர் நிண்டுபோச்சா? மீன் செத்திருமே!" என்றான். அம்மா எழுந்து அவன் முகத்தைத் தடவினார். பிறகு முதுகில் ஓங்கி ஓர் அடி. "நான் படலையைக் கேட்டுக்கிட்டு இரிக்கன், நீ பின்னால வந்து நிக்கிறாய் மனே" என்று அழுதார்.

அன்று மாலை வேலையிலிருந்து வந்த அத்தான், வழக்கம்போல வால்வைக் கழற்றிப் பாசியைத் தேய்த்துக் கழுவினார்.

"இனி என்னத்துக்கு அத்தான் கஷ்டம்? கத்தினாக் கத்தட்டும்" என்றான் தம்பி.

அத்தான் தேய்ப்பதை நிறுத்தவில்லை. "நாளைக்கும் நீ வெளிய போவாய்தானே" என்றார்.