விமானத்தில் வருபவரை ரயிலில் கூட்டிவரும் வேலை

விமான நிலைய வாசலில் காத்து நிற்பதையே பிழைப்பாக வைத்துக்கொண்டவள் நான். நீங்களும் அங்கே நின்றிருப்பீர்கள். கால்வலி தெரியும், வெளியே வருகிற ஒவ்வொரு முகத்தையும் நம் ஆளோ என்று எட்டிப் பார்க்கிற தவிப்பும் தெரியும். எனக்கு அதோடு ஒரு ரயில் பயணமும் உண்டு. வெளிநாட்டிலிருந்து சென்னையில் வந்து இறங்குகிற திருச்சி, ஸ்ரீரங்கத்துக்காரர்களை எதிரேயுள்ள திரிசூலம் ஸ்டேஷனில் மின்சார ரயில் ஏற்றி, எழும்பூரில் இறக்கி, அங்கிருந்து ஊர் வண்டியில் உட்காரவைத்து, வீட்டில் ஒப்படைக்க வேண்டும். கூட்டிவரப் போக வீட்டில் ஆள் இல்லாதவர்கள்தான் என்னைக் கூப்பிடுவார்கள். என் வீட்டுக்காரர் பொன்மலை ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். "ரயில்வேயில இருந்தது நானு, ரயில்லயே கிடக்கிறது நீயா?" என்பார்.

வருகிறவர்களில் சிலர் கல்யாணம் காட்சிக்கு வருவார்கள். பலர் ‘சீரியஸ்’ என்ற சேதி கேட்டு வருவார்கள். நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? ஆள் போய்ச் சேர்ந்த பிறகும், தூரத்தில் இருக்கிற பிள்ளைக்கு ‘சீரியஸ்’ என்றுதான் சொல்வோம். தனியாக வருகிறவன் வழியில் உடைந்துபோகக் கூடாதே என்ற பயம்.

மாம்பலத்துக் கூட்டம்

உப்பிலியபுரத்திலிருந்து மகள் பிரசவத்துக்கு லண்டன் போன ஒரு அம்மாவைக் கூட்டிவந்தேன். கடலை, சோளம் என்று காட்டிலேயே உழைத்த உடம்பு. போன இடத்தில் மகளும் மருமகனும் வேலைக்குப் போய்விட, குழந்தையோடு நாலு சுவருக்குள் இருந்துவிட்டு வந்திருக்கிறார். திரிசூலத்தில் ஏறும்போது பெட்டி காலியாகத்தான் இருந்தது. கிண்டியில் கொஞ்சம் ஏறினார்கள். மாம்பலத்தில் ஊரே ஏறியது. ஒருத்தியின் பை இந்த அம்மாவின் தோளில் இடிக்க, இன்னொருத்தி காலை மிதிக்க, எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. கொஞ்சம் தள்ளி நில்லுங்க என்று சத்தம் போட்டேன். அந்த அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"தள்ளி நில்லுன்னு சொல்றதுக்குக்கூட அங்க பக்கத்துல ஒரு ஆளு வராதும்மா. இடிக்கட்டும், விடு."

தோள்பை

துக்கத்துக்கு வருகிறவரை ‘வாங்க’ என்று சொல்லக் கூடாது. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் என்னைக் கூப்பிடுகிறவர்களில் பாதிப் பேர் பேரும் பிளைட்டும்தான் சொல்வார்கள், எதற்கு வருகிறார் என்று சொல்ல மாட்டார்கள். யார் துக்கத்துக்கு வருகிறார், யார் விசேஷத்துக்கு வருகிறார் என்று வாசலிலேயே கண்டுபிடிப்பதில்தான் என் சாமர்த்தியம் என்று நினைத்திருந்தேன். சாமான்களைப் பார்ப்பேன். தள்ளுவண்டி நிறையப் பெட்டி வந்தால் விசேஷம். ஒரே ஒரு தோள்பையோடு வந்தால், கையில் கிடைத்ததை அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடி வந்தவர்.

எடமலைப்பட்டி புதூர்க்காரர் ஒருவர் கனடாவிலிருந்து அப்படித் தோள்பையோடு வந்தார். நான் ‘வாங்க’ சொல்லவில்லை. தலையைக் குனிந்து பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தேன். ரயிலிலும் வாய் திறக்கவில்லை. அவர் சிரித்தால் பாவம், அதிர்ச்சியில் சிரிக்கிறார் என்று நினைத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அக்கா மகள் கல்யாணத்துக்கு வந்த மனிதர் கோடம்பாக்கம் வரைக்கும் பொறுத்துப் பார்த்தார்.

"ஏங்க, என் பெட்டி ரெண்டும் வழியில மாட்டிக்கிச்சு, நாளைக்கு வந்துரும்னு நானே கவலைப்படாம வரேன். நீங்க எதுக்குங்க எழவு வீட்டு மூஞ்சியோட வர்றீங்க?"

தயிர்சாதம்

இது சிரிக்கிற விஷயம் இல்லை. தீபாவளி நெருக்கம். சாலையில் தாம்பரம் தாண்டவே அரைநாள் ஆகும் என்பதால் காரை நம்ப முடியாது. ரயிலில் எப்படியோ இரண்டு சீட் கிடைத்திருந்தது. அமெரிக்காவிலிருந்து வருகிறவர் ஸ்ரீரங்கத்து வீட்டின் ஒரே ஆண்பிள்ளை. அவருடைய அக்கா வீட்டுக்காரர்தான் எனக்கு போன் செய்தார். "மாமா பரமபதிச்சுட்டார். பிள்ளைகிட்ட சீரியஸ்னுதான் சொல்லியிருக்கோம். ஆத்துக்கு வந்து சேர்ற வரைக்கும் மூச்சு விடாதீங்கோ" என்றார்.

வாசலில் அவரைப் பார்த்ததும் ‘வாங்க’ என்று சொல்லவும் முடியவில்லை, சொல்லாமல் இருந்து காட்டிக்கொடுக்கவும் முடியவில்லை. பிளைட் லேட்டோ என்று கேட்டுவைத்தேன். அவர் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் என்ன பொய் சொல்வது என்று எழும்பூர் வரை மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தேன்.

விழுப்புரம் தாண்டித் தயிர்சாதம் விற்றுக்கொண்டு வந்தார்கள். அவர் ஒரு பொட்டலம் வாங்கினார். நான் மாதா கோயிலுக்குப் போகிறவள். ஆனாலும் ஸ்ரீரங்கத்துக்காரர்களோடு பழகியவளுக்கு இது தெரியாமல் இருக்குமா? கொள்ளி வைக்க வேண்டிய பிள்ளை, அது முடிகிற வரை ஒரு பருக்கை வாயில் வைக்க மாட்டான். அப்பா ஐஸ் பெட்டியில் கிடக்கும்போது தயிர்சாதம் சாப்பிட்டேனே என்று இவர் ஆயுசுக்கும் மறுகப் போகிறார். தடுத்தால் சேதியைச் சொன்ன மாதிரி. தடுக்காவிட்டால் பாவம் எனக்கு. "ரயில் சாப்பாடு ஒத்துக்காது சார், வீட்டுல போய்ப் பாத்துக்கலாமே" என்றேன். சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்துவிட்டது.

அவர் பொட்டலத்தைப் பிரித்து என் மடியில் வைத்தார். "இது உங்களுக்குத்தான். காலம்பரலேர்ந்து எனக்காக நின்னுண்டிருக்கேள். எனக்கு வேண்டாம், பிளேன்லயும் நான் ஒண்ணும் சாப்பிடலை. போன்ல எல்லாரும் வந்தா, அம்மா மட்டும் வரலை. அப்பவே தெரிஞ்சுடுத்து. ஆனா எனக்குத் தெரியும்கறது ஆத்துல யாருக்கும் தெரிய வேண்டாம். அம்மாதான் எனக்குச் சொல்லணும்" என்றார். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் அழுதுகொண்டே சாப்பிட்டேன். சாப்பிடாமல் இருந்தால் அவருக்கு இன்னும் கஷ்டமாக இருக்கும் என்று தோன்றியது.

கொள்ளிடம் பாலம் தாண்டி ஸ்ரீரங்கத்தில் இறங்கினோம். அக்கா வீட்டுக்காரர் ஸ்டேஷனுக்கு வந்திருந்தார். மைத்துனரை ஆட்டோவில் உட்காரவைத்துவிட்டு என்னைத் தனியே அழைத்து, அவருக்கு ஏதாவது தெரியுமா என்று கேட்டார். ஒன்றும் தெரியாது என்றேன். பெரிதாக ஒரு மூச்சு விட்டார்.

"ரொம்ப உபகாரம். மாமி இன்னும் ஒரு சொட்டு கண்ணீர் விடலை. பிள்ளைகிட்ட நானே சொல்லிட்டுத்தான் அழுவேன்னு பிடிவாதமா உட்கார்ந்துண்டிருக்கா."

ஆளைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்தால் போதும் என்றுதான் எல்லோரும் என்னிடம் சொல்கிறார்கள். அந்த ஆளோடு சேர்த்து இரண்டு பக்கத்துப் பொய்யையும் சிந்தாமல் கொண்டுவந்து சேர்க்க வேண்டியிருக்கும் என்று ஒருத்தரும் சொல்வதில்லை.