கருகல் வாசனையும் கல்யாணப் புடவையும்

எங்கள் வீட்டில் பட்டு எரிகிறது என்று நம்பினேன். குற்றம் என் மூக்குடையது. நெசவாளர்கள் வாழும் எங்கள் பிள்ளையார்பாளையத்தில் புடவை வாங்க வருகிறவர்களுக்கு ஒரு நூலை உருவிக் கொளுத்திக் காட்டுவோம். முடி கருகும் வாசனை வந்தால் அசல் பட்டு. அந்த வாசனைக்கு எங்கள் தெருவில் யாரும் பயப்பட மாட்டார்கள், விலையைத்தான் ஏற்றுவார்கள்.

அன்று காலை என் மனைவி பக்கத்து வீட்டு பாயிடம் ஜரிகை வாங்கப் போயிருந்தாள். முன் அறைத் தறியில் மகளின் கல்யாணப் புடவை. மனைவியே நெய்தது. முந்தானை மட்டும்தான் பாக்கி, கல்யாணமோ அடுத்த வாரம்.

டீ போடலாம் என்று அடுப்பின் குமிழைத் திருகினேன். பிறகுதான் லைட்டர் ஞாபகம் வந்தது. பூஜை அலமாரி, டிவி மேசை என்று தேடி, கடைசியில் ஃபிரிட்ஜுக்குள் கண்டுபிடித்தேன். அதை அங்கே வைத்த மேதை யார் என்று கேட்காதீர்கள். பற்ற வைத்ததும் அடுப்பு குப்பென்று பிடித்தது. வயசான அடுப்பு, அதற்கும் கோபம் வரும் என்று விலகி நின்று பாலை வைத்தேன்.

அப்போதுதான் அந்த வாசனை. ஐயோ, புடவை!

நான் சாதாரண ஆள் இல்லை. வேலை செய்யும் கம்பெனியில் தீ விபத்துப் பயிற்சி கொடுத்து, சிவப்புத் தொப்பியும் கொடுத்திருந்தார்கள். எனவே முதலில் தொப்பியைத் தேடினேன். மாட்டிக்கொண்டு மெயினை அணைத்தேன். தறியருகே புகை இல்லை, ஆனால் வாசனை இருந்தது. பூஜையறையில் இருந்தது. கொல்லையில் இருந்தது. தெருவுக்கு ஓடினேன், அங்கேயும் இருந்தது. தெருவே பற்றிக்கொண்டது என்று முடிவு செய்து, "நெருப்பு! நெருப்பு!" என்று கத்திவிட்டு, கத்தரிக்கோலோடு தறிக்கு ஓடினேன்.

தறியின் பாவு நூல்களில் கத்தரியை வைத்தபோது மனைவியும் பாயும் உள்ளே வந்தார்கள்.

"இன்னாங்க பண்ணிக்கினு கீறீங்க? கத்திரிய கீழ வைங்க!"

"எரியுதுமா! நெய்த வரைக்கும் வெட்டி எடுத்துக்கினு ஓடிடலாம்!"

"முந்தானை இல்லாத புடவைய பொண்ணு எப்டிங்க கட்டும்? நீங்க தோள்ல உக்காந்துக்குவீங்களா?"

பாய் கண்ணை மூடி ஆழமாக மோந்து பார்த்தார். "வாசனை இருக்குதுமா. அசல் பட்டுதான், கலப்படமே இல்ல." மறுபடி மோந்தார். "ஆனா தறியாண்ட இல்ல. தொப்பியாண்ட வருது."

மனைவி கத்தரியைப் பிடுங்கிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு தாங்காமல் தறியைப் பிடித்துக்கொண்டாள்.

"பாய், இது பட்டு இல்ல. இவரு மீசை. ஒரு பக்கம்தான் மிச்சம் கீது."

"அப்ப வெல போவாது," என்றார் பாய்.

சிரித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தி, சமையலறைப் பக்கம் மோந்தாள்.

நடந்தது இதுதான். லைட்டரைத் தேடப் போனபோது குமிழை மூடாமல் போயிருந்தேன். சேர்ந்திருந்த கேஸ் பற்றியதில் வலது மீசையும் புருவமும் கருகின. நான் தறியைக் காப்பாற்றிக்கொண்டிருந்தபோது பால் பொங்கி அடுப்பை அணைத்துவிட்டது, கேஸ் மறுபடி கசிந்துகொண்டிருந்தது. குமிழை மூடி, சிலிண்டரையும் மூடி, ஜன்னலைத் திறந்தவள் என் மனைவி.