சாணிக் களத்தில் சிவப்புக் கார்

என் மச்சான் சவரியாரோடு கார் பார்க்கப் போவதைவிட யாருக்காவது பெண் பார்க்கப் போவது எவ்வளவோ மேல். அங்கே காபி, பலகாரமாவது கிடைக்கும். இவரோடு போனால் விற்கிறவன் முகம் சுண்டிப்போய், இந்த ஆள் எப்போது கிளம்புவான் என்று பார்த்துக்கொண்டு நிற்பான்.

மச்சான் என்றால் என் அக்கா ஞானமேரியின் புருஷன். சூரமங்கலத்தில் ஜங்ஷனுக்குப் போகும் ரோட்டில் தகரக் கொட்டகை போட்டு மெக்கானிக் வேலை பார்த்தார். நான் ரயில்வே கூட்ஸ் ஆபீசில் குமாஸ்தா. கல்யாணம் ஆகாதவன் என்பதால் மூன்று வேளையும் அக்கா வீட்டில்தான் சாப்பாடு. அதனால் அவரைப் பற்றிப் பேச எனக்கு உரிமை உண்டு. திட்டுவதற்கு அதைவிட அதிகமாகவே உண்டு.

ஐம்பதுகளில் ஏற்காட்டு எஸ்டேட் துரைமார்கள் ஒவ்வொருவராக மூட்டை கட்டினார்கள். கப்பலில் ஏற்ற முடியாத கார்களை விற்றுவிட்டுப் போனார்கள். கடலையும் பருத்தியும் கைகொடுத்த வருஷங்களில் திருச்செங்கோடு, நாமக்கல் பக்கத்துத் தோட்டக்காரர்கள் அவற்றை வாங்கினார்கள். வாங்குமுன் மச்சானைக் கூட்டிப்போய்க் காட்டுவார்கள். அவர் "எடுக்கலாம்" என்றால் எடுப்பார்கள். "வேண்டாம்" என்றால் தரகர்கள் எங்கள் தெருமுனையில் நின்று அவர் வம்சத்தையே இழுத்துவிட்டுப் போவார்கள். ஒரு கிறிஸ்மஸுக்கு ஒரு தரகர் கூடை நிறைய ஆப்பிள் அனுப்பினார். எங்கள் வீட்டில் ஆப்பிளைக் கண்ணால் கண்டதே அபூர்வம். மச்சான் ஒன்றைக்கூட எடுக்க விடாமல் கூடையைத் திருப்பி அனுப்பினார். அக்கா புத்தாண்டு வரைக்கும் அவரோடு பேசவில்லை. நானும்தான் பேசவில்லை, ஆனால் அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஐம்பத்தெட்டாம் வருஷம் மார்கழியில் வசந்தாமணி எங்கள் வீட்டுக்கு வந்தாள். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்துத் தோட்டக்காரர் மயில்சாமியின் மனைவி. வயிற்றில் பிள்ளை. சேலத்தில் டாக்டரம்மாவைப் பார்க்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டு, பஸ்ஸை விட்டு இறங்கி நேராக இங்கே வந்திருந்தாள். அக்கா கொடுத்த காபியைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள், குடிக்கவில்லை.

"ஏனுங்ணா, ஞாயித்துக்கெழமை எங்க தோட்டத்துக்கு ஒரு காரு பாக்க வாரீங்களாமே?"

"ஆமா அம்மணி. ரெண்டு சீட்டு வண்டின்னு சொன்னார்."

"அது ரேஸ் காருங்ணா. சோழவரத்துப் பந்தயத்துல ஓட்டோணும்னு அவியளுக்கு ஆசை. போன வருஷம் மோட்டார் சைக்கிள்ல வுழுந்து காலை ஒடிச்சுக்கிட்டாங்க. அந்தக் காலு இன்னும் செரியா மடங்க மாட்டேங்குது. நான் சொன்னாக் கேக்க மாட்டாங்க. நீங்க சொன்னாக் கேப்பாங்க. வண்டி செரியில்லைன்னு ஒரு வார்த்தை சொல்லிப்போடுங்க. உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

சொல்லும்போதே அவள் கண் நிறைந்துவிட்டது. அக்கா அவள் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவினாள். மச்சான் கையிலிருந்த கிரீஸைத் துணியில் துடைத்துக்கொண்டே இருந்தார். துடைத்த கையையே மறுபடியும் துடைத்தார்.

"பார்த்துச் சொல்றேன் அம்மணி," என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். அந்தப் பெண் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு, ஆறிப்போன காபியைக் குடித்துவிட்டு, சிரித்த முகத்தோடு போனாள். நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். இத்தனை வருஷம் பழகியும் எனக்குப் புத்தி வரவில்லை பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கிளம்பினோம். தோட்டத்து வாசலில் கார் நின்றது. சிவப்பு என்றால் சிவப்பு, பழுத்த மிளகாய்ச் சிவப்பு! தாழ்ந்த உடம்பு, கம்பிச் சக்கரம், மேலே கூரையில்லை. எனக்கே ஏறி உட்கார ஆசையாக இருந்தது. மயில்சாமி புதுமாப்பிள்ளை போல அதைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார். காரைக் கொண்டுவந்த தரகர் கருப்பண்ணன், "துரை தங்கமா வச்சிருந்த வண்டிங்க. தோட்டத்துக்குள்ளயே ஓட்டினது, ஒரு கீறல் இல்லீங்க," என்றார்.

மச்சான் யாருக்கும் வணக்கம் சொல்வதற்கு முன்னால் எஞ்சின் மூடியின்மேல் உள்ளங்கையை வைத்தார். வெந்நீர் போலச் சுட்டது. சூடான எஞ்சின் தன் நோவை மறைத்துவிடும் என்பது அவர் கட்சி. அது முழுக்க ஆறும்வரை வரப்பில் உட்கார்ந்திருந்தார். கருப்பண்ணன் எதையெதையோ பேசிப் பார்த்தார். மச்சான் காக்காயைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆறிய எஞ்சினைக் கிளப்பிவிட்டு, பின்னால் போய்ப் புகையின் நிறத்தைப் பார்த்தார். பிளக்கைக் கழற்றி நுனியைப் பார்த்தார். ஒவ்வொரு சக்கரத்துக் கம்பியையும் ஸ்பேனரால் தட்டிச் சத்தம் கேட்டார். எல்லாக் கம்பியும் ஒரே குரலில் பேச வேண்டுமாம். பிறகு பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்துத் துணியில் சுற்றி, காரின் உடம்பில் அங்கங்கே வைத்துக்கொண்டு வந்தார். வைத்த இடத்திலெல்லாம் அது ஒட்டிக்கொண்டது. இடதுபக்க முன் மட்கார்டில் வைத்தபோது மட்டும் வழுக்கிக் கீழே விழுந்தது.

"இங்க இரும்பு இல்ல, ஈயம்," என்றார். "நசுங்கின பள்ளத்துல ஈயத்தை ஊத்திப் பெயிண்ட் அடிச்சிருக்கு."

"ஏதாச்சும் மாடு முட்டியிருக்குமுங்க," என்றார் கருப்பண்ணன்.

அப்புறம் அடியில் படுத்தார். எழுந்து வந்து, மயில்சாமியை ஓட்டச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். இரண்டே சீட்டு, எனக்கு இடமில்லை. சங்ககிரி ரோட்டில் அவர்கள் பறந்த வேகத்தைப் பார்த்து, இடம் கொடுக்காத மாதாவுக்கு நன்றி சொன்னேன். திரும்பி வந்ததும் மச்சான் மறுபடியும் அடியில் போனார். வெளியே வந்தபோது சட்டை முழுக்க மண்.

"எஞ்சின் ராஜா மாதிரி இருக்கு. ஆனா இந்த வண்டி வேண்டாம் தம்பி. ஓடறதை எல்லாரும் பார்ப்பாங்க, நிக்கறதைப் பார்க்கணும். பிரேக் போட்டா இடது பக்கம் இழுக்குது. அடியில முன்பக்கச் சேஸிஸ்ல ஒரே ஒரு இடத்துல மட்டும் புதுக் கறுப்பு பெயிண்ட் இருக்கு. சுரண்டிப் பார்த்தேன், உள்ள வெல்டிங். எங்கேயோ நல்லா மோதியிருக்கு."

மயில்சாமி சிரித்தார். அது நல்ல சிரிப்பு இல்லை.

"நீங்க இதைத்தான் சொல்லுவீங்கன்னு காலைலயே தெரியுமுங்க மேஸ்திரி. என்ற ஊட்டுக்காரி கண்ணாலத்துக்குப் போறவ மாதிரி சிரிச்சுக்கிட்டே திரிஞ்சா. என்னடீன்னு அதட்டினேன், எல்லாத்தையும் கக்கிப்போட்டா. அவ சொல்லிக் குடுத்த பாடத்தை நல்லாத்தான் ஒப்பிக்கறீங்க!"

சேசு மரி சூசையே! வீட்டு நடையில் நின்ற வசந்தாமணி வாயில் கையை வைத்துக்கொண்டாள். அவள் காப்பாற்ற நினைத்ததே அவள் புருஷனுக்குக் குழி வெட்டிவிட்டது. அந்தக் காரை இப்போது அவர் வீம்புக்காகவே வாங்குவார் என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. கருப்பண்ணன் முகத்தில் வெளிச்சம் வந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. "என்னங்க பேசறீங்க? எங்க மச்சான் பொய் சொல்ற ஆளா இருந்தா எங்க ஊட்டுல இந்நேரம் ஆப்பிள் மூட்டை மூட்டையாக் கெடக்கும்!" என்று கத்தினேன். ஆப்பிள் கதை தெரியாத மயில்சாமி என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

மச்சான் என் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்தார். அவருக்குக் கோபம் வரவில்லை. அதுதான் எனக்கு அவர்மேல் கோபம். அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். வீட்டுக்கு மேற்கே களம் இருந்தது. அடுத்த நாள் சோளக்கதிர் கொண்டுவந்து போடுவதற்காக, காலையில்தான் சாணி கரைத்து மெழுகியிருந்தார்கள். இன்னும் ஈரம் காயவில்லை.

"தம்பி, என் பேச்சை நம்ப வேண்டாம். அந்தக் களத்துல, எதிர்ல இருக்கிற வேப்பமரத்தைப் பார்த்து நேரா ஒருக்கா ஓட்டிப் பாருங்க."

"களத்துலயா? இவ வெடியால இருந்து குனிஞ்சு குனிஞ்சு சாணி வழிச்சிருக்கா..."

"ஓட்டுங்க," என்றாள் வசந்தாமணி. நடையிலிருந்து இறங்கி வந்துவிட்டாள். "நான் மறுக்கா வழிச்சுக்கறேன். நீங்க ஓட்டுங்க."

மயில்சாமி ஓட்டினார். நேராகத்தான் ஓட்டினார், அதில் குறை சொல்ல முடியாது. இறங்கி வந்து பார்த்தார். வண்டி நேராக இருந்தால் முன்சக்கரம் போன தடத்திலேயே பின்சக்கரமும் போகும், களத்தில் இரண்டு கோடுதான் விழும். இங்கே நாலு கோடு விழுந்திருந்தது. முன்சக்கரத் தடத்துக்குப் பக்கத்திலேயே ஒதுங்கிப் பின்சக்கரத் தடம் ஓடியது.

"சாணி வழுக்குமுங்க. களமும் அந்தப் பக்கம் சரிவு," என்றார் கருப்பண்ணன்.

"அப்போ அந்தக் கோடியிலிருந்து இப்படி வாங்க தம்பி," என்றார் மச்சான்.

களம் சரிவாக இருந்தால் பின்சக்கரம் இரண்டு தடவையும் களத்தின் ஒரே பக்கம்தான் ஒதுங்க வேண்டும். திரும்பி வந்த தடத்தில் அது எதிர்ப்பக்கம் ஒதுங்கியிருந்தது. சரிவு களத்தில் இல்லை, காரில்தான்.

மயில்சாமி தடத்தின் அருகே குந்தினார். கால் மடங்காமல் ஒரு பக்கமாகச் சாய்ந்துதான் குந்த முடிந்தது. பிறந்ததிலிருந்து உழவுசாலும் வண்டித் தடமும் பார்த்த கண்ணுக்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு கோட்டுக்கும் நடுவில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். கை சரியாக அடங்கியது.

"மெதுவாப் போனா ஒண்ணும் தெரியாது," என்றார் மச்சான். "பந்தயத்துல வளைவுல திருப்பறப்போ அந்த ஒட்டு விட்டுச்சுன்னா, ஸ்டியரிங் உங்க கையில இருக்கும், சக்கரம் உங்க பேச்சைக் கேக்காது."

மயில்சாமி எழுந்து, "வண்டிய எடுத்துக்கிட்டுப் போயிருங்க," என்று கருப்பண்ணனிடம் சொன்னார். மனைவியைப் பார்த்தார். "இனிமே நீ செரீன்னு சொல்லாம எந்த வண்டியும் இந்த வாசலுக்கு வராது," என்றார்.

இதோடு முடிந்திருந்தால் நல்ல கதை. வசந்தாமணி சொம்பு நிறைய மோர் கொண்டுவந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"நல்லவேளைங்ணா, வண்டியே கெட்ட வண்டியாப் போச்சு. இல்லீன்னா எனக்காவ நீங்க பொய் சொல்ல வேண்டி வந்திருக்கும்."

சும்மா தலையை ஆட்டிவிட்டு மோரைக் குடிக்க வேண்டியதுதானே? நான் அவர் காலை மிதித்தேன். நன்றாகவே மிதித்தேன்.

"இல்ல அம்மணி. நல்ல வண்டியா இருந்தா நல்ல வண்டின்னுதான் சொல்லியிருப்பேன்."

சொம்பு அவள் கையிலேயே நின்றது. "வயித்துல புள்ளைய வச்சுக்கிட்டு உங்க ஊடு தேடி வந்தேனுங்களே..."

"அதனாலதான் மறுபடி மறுபடி அடியில படுத்துப் பார்த்தேன். என்னால ஆனது அதுதான் அம்மணி."

அவள் மோரைத் திண்டில் வைத்துவிட்டு உள்ளே போனாள். கிளம்பும்போது போயிட்டு வாங்க என்றுகூடச் சொல்லவில்லை. பஸ்ஸில் சேலம் வரும்வரை நான் மச்சானைத் திட்டிக்கொண்டு வந்தேன். கல்நெஞ்சு என்றேன், இன்னும் என்னென்னமோ சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, "இந்த பஸ்ஸுக்குக் கிளட்ச் தேஞ்சிருக்கு," என்றார்.

அந்தச் சிவப்புக் காரை அப்புறம் யார் வாங்கினார்கள், என்ன ஆனார்கள் என்று எனக்குத் தெரியாது. வசந்தாமணிக்குப் பெண் பிறந்தது என்று மட்டும் கேள்விப்பட்டோம். அக்கா வேளாங்கண்ணிக்குப் போனபோது அந்தக் குழந்தைக்கும் சேர்த்து மெழுகுவத்தி ஏற்றினாள்.

அறுபத்திரண்டில் ஒரு நாள் காலை, எங்கள் கொட்டகை வாசலில் ஒரு பச்சைக் கார் வந்து நின்றது. அதுவும் இரண்டு சீட்டு, அதுவும் கூரையில்லாதது. பின்னாலேயே வாடகைக் காரில் வசந்தாமணி மகளோடு வந்து இறங்கினாள். மயில்சாமிக்கு நெற்றி ஏறியிருந்தது. ஆசை மட்டும் அப்படியே இருந்தது. கோயமுத்தூரில் ஒருவர் விற்கிறாராம், ஒரு நாள் வைத்துப் பார்க்கக் கொடுத்திருக்கிறாராம்.

மச்சானுக்கு அப்போது கண்ணாடி வந்துவிட்டது. ஆறவைத்தார், தட்டினார், காந்தத்தை வைத்தார், படுத்தார், எழுந்தார். ரோட்டில் தண்ணீர் ஊற்றித் தடம் பார்த்தார். அக்கா சாப்பிடக் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்துவிட்டாள். வசந்தாமணி காலையிலிருந்து அவரோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் மச்சான் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். மயில்சாமி அவரைப் பார்க்கவில்லை, தன் மனைவியைப் பார்த்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்றினார் மனுஷன்.

மச்சானும் அவளிடம்தான் சொன்னார். "நல்ல வண்டி அம்மணி. எடுக்கலாம்."

வந்தது வம்பு என்று நினைத்தேன். இவள் இப்போது அழப்போகிறாள், அல்லது நாலு வார்த்தை கேட்கப்போகிறாள், கேட்டால் தப்பில்லை என்று நினைத்தேன். அவள் எழுந்து நின்றாள்.

"நெசமாலுமாங்ணா?"

"நெசமா அம்மணி."

"அன்னைக்கு அந்த நெலமையில வந்து அழுத எனக்காவயே பொய் சொல்ல மாட்டேன்னீங்க. இன்னைக்கு அவிய ஆசைக்காவவா சொல்லப்போறீங்க?" என்றாள். பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய், காரின் கதவைத் திறந்து, இன்னொரு சீட்டில் தானே உட்கார்ந்தாள். பிள்ளையை மடியில் இருத்தினாள். "வாங்க, போலாம்," என்று புருஷனைக் கூப்பிட்டாள்.

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கார் கிளம்பியது. மச்சான் ரோடு வரைக்கும் ஓடினார். அவர் ஓடி நான் பார்த்ததேயில்லை. "தம்பி, மெதுவாப் போங்க! மெதுவா!" என்று கத்தினார். கார் ஸ்டேஷன் பக்கம் திரும்பி மறையும்வரை அங்கேயே நின்றார்.

திரும்பி வந்தவர் சாப்பிட வரவில்லை. காலையிலிருந்து கார் நின்ற இடத்தில் குந்தி உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, தரையைத் தடவித் தடவிப் பார்த்தார். ஒரு சொட்டு எண்ணெய்கூட இல்லை. அதற்கப்புறம்தான் கை கழுவப் போனார்.